இன்னொரு ஜெஸ்லின்

அணு உலையின் பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவாள் ஜெஸ்லின். அந்த இருபது வருட அனுபவத்தை நிறுவனம் ஓர் இயந்திர நகலில் ஏற்றி, அவள் பெயரையும் குரலையும் கொடுத்து, ஒன்பது நாடுகளுக்கு அனுப்பியது. பின்லாந்து வேலைக்கு அவளே விண்ணப்பித்தபோது, "நீங்கள்தான் ஏற்கெனவே இங்கே இருக்கிறீர்களே" என்று பதில் வந்தது.

அங்கே நகல் விருது வாங்கியதை வள்ளியூர் வீட்டில் டிவியில் பார்த்தார்கள்.

"நீ எவ்வளவு அழகா பேசுத!" என்றான் கணவன் சேவியர்.

"அது நான் இல்ல. என் குரலை வச்சுக்கிட்டு ஊர் சுத்துதவ." வயிறு எரிய டிவியை அணைத்தாள்.

மறுவாரம் நகலே போனில் அழைத்தது. "அக்கா, பம்ப்ல புதுசா ஒரு சத்தம். எனக்குப் பிடிபடல. கேட்டுச் சொல்லுங்க."

கேட்டதுமே ஜெஸ்லினுக்குத் தெரிந்துவிட்டது, பேரிங் தேய்கிறது.

"பம்பை உடனே நிறுத்தச் சொல்லு. என்ன பழுதுன்னு நேர்ல பாத்துதான் சொல்ல முடியும்."

"நான் இங்கதானே இருக்கேன், அக்கா?"

"உனக்குத்தான் தெரியலையே. எனக்கு டிக்கெட் போடச் சொல்லு."

இரண்டே நாளில் விசா வந்தது. பதவி என்ற இடத்தில், 'ஜெஸ்லினின் உதவியாளர்' என்று போட்டிருந்தது.