பதினொரு மஞ்சள் துணி

"ஏம்மா! மரத்துலேர்ந்து கைய எடு!"

சீனிவாசகம் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் நின்ற கொக்குகூடப் பறந்துவிட்டது.

மரத்தில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்த பெண் பயந்து திரும்பினாள். அந்த ஏரிப் பூங்காவில் கூட்டிப் பெருக்குகிற சிகப்பி.

நாங்கள் மெர்கோங்கிலிருந்து இரண்டு காரில் பீடோங் பக்கம் மலையேற வந்த ஆறு பேர். நடைப்பயிற்சி மன்றத்து ஆட்கள். சீனிவாசகம்தான் தலைவர். எல்லாருக்கும் ஒரே பச்சை டீசட்டை. முதுகில் 'இயற்கையைக் காப்போம்' என்று சின்னதாகப் போட்டு, கீழே அவர் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்.

"அண்ணே, இது வந்து..."

"எனக்குத் தெரியாதா? இன்னைக்கு மரத்துல துணி. நாளைக்கு அடியில ஒரு கல்லு. அடுத்த மாசம் தகரக் கொட்டகை. அப்புறம் கோயில் கமிட்டி, அதுல ரெண்டு கோஷ்டி! காட்டையாச்சும் விட்டு வைங்க லா!"

நாங்கள் சிரித்தோம். விஷயம் தெரிந்த மனுஷர். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு கோஷ்டிக்கு அவர்தானே தலைவர்.

"அவுக்காதீங்கண்ணே, மேல போனா..."

"அவுத்தா? உன் சாமி வந்து என் கண்ணைக் குத்துமா?"

துணியை அவிழ்த்துப் பிளாஸ்டிக் பையில் போட்டார். கையோடு அவளைப் போனில் படமும் பிடித்துக்கொண்டார்.

"திரும்பி வந்து ஆபீஸ்ல கம்ப்ளேன் பண்றேன். உனக்கு வேலை இருக்குதான்னு பார்த்துடுவோம்."

சிகப்பியின் முகம் செத்துப்போனது. "வேலையில கை வைக்காதீங்கண்ணே. இதை நம்பித்தான் மகளைக் காலேஜுல சேர்த்திருக்கேன்."

"அதையும் உன் சாமிகிட்டயே போய்ச் சொல்லு!"

ஏற ஏற, அங்கங்கே மஞ்சள் துணி. தலைவர் ஒன்றையும் விடவில்லை. பொய் சொல்லக் கூடாது, நானும் இரண்டு அவிழ்த்தேன். உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினொன்று தேறியது. ஏரி பின்னால் தெரிய, பதினொன்றையும் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

"மூடநம்பிக்கையை மலையேத்தி ஒழிச்சாச்சு. பேப்பர்ல போடணும் இதை," என்றார் தலைவர்.

இறங்கும்போது பாதை இரண்டாகப் பிரிந்தது. இடமா, வலமா?

"இந்தக் காடு எனக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. வலது பக்கம் வாங்க."

ஒரு மணி நேரம் நடந்து ஒரு பெரிய மரத்தடிக்கு வந்தோம். இன்னும் ஒரு மணி நேரம் நடந்தோம். வந்து சேர்ந்தது அதே மரத்தடி.

போனில் லைன் இல்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது. வானம் வேறு உறும ஆரம்பித்தது. எங்களோடு வந்த பிரேமலா அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை ரொம்ப இறங்கிப்போய், அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டார்.

"தலைவரே, அக்காவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்னா பண்றது?" என்றார் திவாகரன்.

தலைவர் கையிலிருந்த பையைப் பார்த்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றார்.

திரும்பினோம். பிளாஸ்டிக் பை சரசரத்தது. அப்புறம் அவர் குரல், ரகசியமாக:

"முனியாண்டி! எங்களை உசிரோட கீழ கொண்டு போய் விட்டுடுப்பா. சேவல் அறுக்கிறேன். சுருட்டு வாங்கி வைக்கிறேன். தெரியாம பேசிட்டேன்."

"தலைவரே, நீங்க சுத்த சைவமாச்சே?" என்றார் திவாகரன்.

"சேவல் அவருக்குய்யா! எனக்கா?"

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாராச்சும் இருக்கீங்களா?"

சிகப்பி! ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணி.

"நாலு மணியாச்சு, உங்க கார் ரெண்டும் அங்கயே நிக்குது. அதான் ஏறி வந்தேன். அக்கா, இதைக் குடிங்க. இனிப்பு நிறையப் போட்டிருக்கேன்."

பிரேமலா அக்கா குடித்து முடித்து, நிமிர்ந்து, "அந்தத் துணியெல்லாம் எதுக்கும்மா கட்டுன?" என்று கேட்டார். காலையிலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"போன வருஷம் ரெண்டு சின்னப் பிள்ளைங்க இங்க வழி தெரியாம மாட்டிக்கிச்சுங்க. மறுநாள்தான் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. பால்குடம் எடுத்த பழைய சேலை ஒண்ணு கிடந்துச்சு. மஞ்சன்னா தூரத்துலேர்ந்தே தெரியும். கிழிச்சு, பாதை பிரியிற இடமாப் பார்த்துக் கட்டி வச்சேன். துணி இருக்கிற பக்கமா இறங்குனா ஏரிக்கு வந்துடலாம்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தலைவர் மெல்ல நகர்ந்து, தன் அகல முதுகால் மரத்தை மறைக்கப் பார்த்தார். 'இயற்கையைக் காப்போம்' அடிமரத்தை மறைத்தது. தலைக்கு மேலே மூன்று முடிச்சுப் போட்டுத் தொங்கிய மஞ்சள் துணியை மறைக்க முடியவில்லை.

சிகப்பி அதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான் கட்டுனது பூரா வழிக்குண்ணே. இந்தக் காட்டுல சாமிக்குன்னு கட்டுன துணி இது ஒண்ணுதான். இதை யார் கட்டுனதுன்னு ஆபீஸ்ல சொல்றது?"