கதவைச் சாத்தாத காவலாளி

மலைச்சாலையில் ஓடும் ஒரு பழைய காரில், எவ்வளவு தூரம் போனாலும் இன்ஜினுக்கு உடம்பில் சூடு ஏறவில்லை.

"எல்லாம் உன்னாலதான்," என்று இன்ஜின் ரேடியேட்டரைத் திட்டியது.

"வர்ற தண்ணிய ஆற வைக்கிறதுதான் என் வேலை. இவ்வளவு சீக்கிரம் அதை யாரு அனுப்புறாங்கன்னு கேளு."

நடுவில் வாசல் காக்கும் தெர்மோஸ்டாட் பெருமையாகச் சிரித்தது. "நான்தான். யார் முகத்துலயும் கதவைச் சாத்தி எனக்குப் பழக்கமில்லை."

"தங்கமான மனுஷன்!" என்றது தண்ணீர்.

பட்டறையில் மெக்கானிக் ஜெபமணி வண்டியைக் கிளப்பி, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டார். இன்ஜினே இன்னும் சூடாகவில்லை; ஹோஸ் அதற்குள் வெதுவெதுவென்றிருந்தது.

"இது மூடவே மாட்டேங்குதே," என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார்.

புதியது கதவை இறுக்கிச் சாத்தியது. "முதல்ல சூடாகட்டும். அப்புறம் விடறேன்."

"என்ன திமிரு! நான் யாருன்னு தெரியுமா?" தண்ணீர் முட்டியது, மோதியது, கத்திக் கத்திச் சூடேறியது. இன்ஜினுக்கு நடுக்கம் நின்று, உறுமலில் ஒரு சுகம் வந்தது. அந்தச் சூடு பட்டதும் கதவு தானாகத் திறந்தது.

தண்ணீர் ரேடியேட்டருக்குள் பாய்ந்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது:

"பார்த்தியா? நான் போட்ட சத்தத்துல பயந்துட்டான்!"