படிக்கட்டு இருந்த பக்கம்

பினாங்கில் அந்தப் பழைய கடைவீட்டைக் காப்பிக்கடையாகப் புதுப்பித்தவர் குணாளன். வாசலை அப்படியே விட்டுவிட்டு, கூடுதலாக நாலு மேசை போடுவதற்காக, உள்ளே இருந்த படிக்கட்டை மட்டும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்.

திறப்பு விழாவுக்கு மீரா மொய்தீன் மகளோடு வந்தார். கண்பார்வை இல்லாதவர், புதுப்பிக்கும் வேலை தொடங்கும்வரை முப்பது வருடம் அந்த மாடியில் குடியிருந்தவர். கதவைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். கைத்தடியை மகளிடம் கொடுத்தார்.

"இங்க எனக்கு இது தேவையில்லம்மா."

விறுவிறுவென்று இடப்பக்கம் நடந்தவர் வெறும் சுவரில் மோதி நின்றார். இரண்டு கைகளாலும் வெகுநேரம் சுவரைத் தடவினார்.

"மன்னிச்சுக்குங்க, வீடு மாறி வந்துட்டேன்."

இதுதான் அந்த வீடு என்று சொல்லக் குணாளன் வாயெடுத்தார். மகள் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.