பனியில் நின்ற தொலைநோக்கி

நட்சத்திரங்களைப் படம் எடுக்க மலையுச்சிக்கு வந்த இன்பா, மடிக்கணினியைத் தெர்மக்கோல் பெட்டிக்குள் வைத்து, மேலே கம்பளிப் போர்வையைப் போர்த்தினாள். பக்கத்தில் நின்ற தொலைநோக்கிக்கு வயிறு எரிந்தது.

"பனியில நிக்கிறது நான். போர்வை அதுக்கா?"

"ஈரம் பட்டா அது செத்துப்போயிடும்," என்றது போர்வை. "உனக்கென்ன, வானத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிற."

"நான் பார்த்து என்ன? அவ ராத்திரி முழுக்கப் பார்க்கிறது அதோட முகத்தைத்தானே!"

நகரும் நட்சத்திரங்களைத் தொடர்ந்து மோட்டாரில் மெல்லத் திரும்பும்போது, தன்னிலிருந்து தொங்கிய கேபிளைப் போர்வையின் நுனியில் மாட்டி இழுத்தது தொலைநோக்கி. போர்வை சரிந்தது. பெட்டிக்குள் பனி இறங்கியது. மடிக்கணினியின் திரை ஒருமுறை மினுங்கி அணைந்துபோனது.

"இனி என்னைத்தான் பார்ப்பா," என்று தொலைநோக்கி காத்திருந்தது.

சற்றுத் தள்ளி நின்றிருந்த இன்பா பதறி ஓடி வந்தாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றி மடிக்கணினியைச் சுற்றி, சரிந்து கிடந்த போர்வையையும் அதன் மேல் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். படம் எடுப்பது அன்றைக்கு அவ்வளவுதான். போகிறபோக்கில் தொலைநோக்கியின் கண்ணில் மூடியை அழுத்தி மாட்டினாள்.

"போர்வையே, நீயாவது என் மேல வாயேன்," என்றது தொலைநோக்கி இருட்டுக்குள்ளிருந்து.

போர்வைக்குக் கேட்கவில்லை. ஸ்வெட்டருக்கும் மேலே, அது மடிக்கணினியைச் சுற்றிக் கிடந்தது.