இடது தோள்

பட்டாளத்தின் துப்பாக்கியை மாற்றலாமா என்று முடிவு செய்ய, புதிய துப்பாக்கியைப் பத்துப் பேரிடம் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். பத்தாவது ஆள் செங்கோடன், இடக்கைக்காரன். பழைய துப்பாக்கியை இடது தோளில் வைத்தால், தெறிக்கும் தோட்டாக்கூடு சூடாகக் கன்னத்தில் அடிக்கும். அதனால் பதினாறு வருடமாக வலது தோளில் வைத்தே சுட்டு, குறி தவறுகிறவன் என்று பெயரெடுத்திருந்தான்.

"இதுல கூடு எந்தப் பக்கம் தெறிக்கணும்னு மாத்திக்கிடலாம்டே" என்றார் சுபேதார் தேவசகாயம்.

"நெசமாலுமுங்களா சார்?"

"சுட்டுத்தான் பாரேன்."

செங்கோடன் குப்புறப் படுத்து, இடது தோளில் வைத்து ஐந்து முறை சுட்டான். கன்னத்தில் ஒன்றும் படவில்லை. சுபேதார் பைனாகுலரில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஐந்தும் நடுவட்டத்தில்.

சோதனையை நடத்திய மேஜர், சுட்டவர்கள் கருத்தை எழுதும் படிவத்தை நீட்டினார். அதில் மற்ற ஒன்பது பேரும், 'கனம் அதிகம், பழையதே போதும்' என்று எழுதியிருந்தார்கள்.

"நீ என்னப்பா சொல்ற? மாத்தலாமா?"

செங்கோடன் அந்த ஒன்பது வரிகளையும் படித்தான்.

"அதை அப்புறமா எழுதறேனுங்க சார். இன்னும் அஞ்சு தோட்டா மட்டும் குடுங்க."

மேஜர் சிரித்துவிட்டார். தேவசகாயம் ஐந்துக்குப் பத்தாக எண்ணிக் கொடுத்தார்.