தகட்டுக் கவசம்

சற்குணம் இரண்டு வருடமாக வண்ணம் தீட்டிய நூற்றிருபது ரோமானிய வீரர்களையும் மேசைமேல் அணிவகுத்து நிறுத்தினான். கட்டைவிரல் உயரப் பொம்மைகள். திருச்சியில் அவர்கள் கூடும் விளையாட்டு மன்றத்தில் அன்று சீசர் காலத்துப் போர் ஒன்றை ஆடுவதாக இருந்தது. நடுவர் ஒரு வீரனை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“சீசர் ஆளுங்க போட்டது சங்கிலிக் கவசம் சார். இது தகட்டுக் கவசம், அவர் செத்து ரொம்ப வருஷம் கழிச்சு வந்தது. இவங்களை வச்சு ஆட முடியாது.”

சற்குணம் பக்கத்தில் நின்ற நண்பன் ஜெரால்டைப் பார்த்தான். ரோமானிய வரலாற்றைக் கரைத்துக் குடித்தவன் ஜெரால்டு.

“கடையில நான் எடுத்தப்ப நீயும்தானே கூட இருந்த. உனக்குத் தெரியாதா?”

“அப்பவே சந்தேகம். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.”

“ரெண்டு வருஷமா ஏன்டா சொல்லல?”

ஜெரால்டு குரலைத் தாழ்த்தினான். “அந்த வாரமே சொல்லத்தான் வந்தேன். நீ உள்ள பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்த. உன் பொண்டாட்டி வாசல்லயே நிறுத்திட்டா. ‘இந்தப் பொம்மையில உக்காந்ததுலேருந்து அவரு அஞ்சு நாளா குடிக்கலண்ணே. என்னவா இருந்தாலும் அப்புறம் சொல்லுங்க’ன்னா.”

தான் குடித்தது அவளுக்கே தெரியாது என்று சற்குணம் இத்தனை நாளும் நம்பியிருந்தான். நடுவர் வீரனைத் திருப்பி நீட்டினார். வாங்கிக்கொள்ள அவனுக்குக் கை எழவில்லை.