ஜன்னலோர சீட்

மகாதேவன் மகளுடைய பேஸ்பால் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தெரிந்த தலை ஒன்றும் இல்லை என்றதும், எதிரே நுரை பொங்கி நின்ற பியரை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கால் கிளாஸை ஒரே மடக்கில் உள்ளே தள்ளினார்.

வீட்டில் வாக்கிங் என்று சொல்லிவிட்டு, எடிசன் ரயில் ஸ்டேஷன் எதிரே இருக்கும் இந்தப் பப்புக்கு அவர் வருவது தொடர்ந்து நான்காவது மாலை.

பழங்காலத்துப் பப். மாதக்கணக்கில் மூடிப்போட்டுப் புதுப்பித்து, போன வாரம்தான் திறந்திருந்தார்கள். கும்பாபிஷேகம் முடிந்த கோயில் கெட்டது போங்கள்! மரக் கவுண்டரில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். பியர் ஊற்றும் பித்தளைக் குழாய்கள் குத்துவிளக்காய் ஜொலித்தன.

ஆனால் கவுண்டரில் நின்ற பிரையனுக்குத் தெருப்பக்கக் கண்ணாடியில்தான் பெருமை அத்தனையும். தாத்தா காலத்துக் கலர்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுவர் அகலத்துக்குத் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒரு கண்ணாடியைப் புதிதாக மாட்டியிருந்தான். வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தட்டித் தட்டிக் காட்டி ஏதோ சொன்னான். அவன் இங்கிலீஷ் மகாதேவனுக்குப் பாதிதான் பிடிபட்டது. "வெரி நைஸ்" என்று தலையாட்டி வைத்தார்.

அந்தக் கண்ணாடி ஓரமாகத்தான் அவர் தினமும் உட்கார்ந்தார். ஸ்டேஷன் படியில் எறும்பு ஏறினாலும் அங்கிருந்து தெரியும்.

அவசரப்பட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். மகாதேவன் வந்திருந்தது டியூட்டியில்.

வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்த மகள் மாளவிகா, முதல் முறையாக ஒரு பையனுக்குத் தலையாட்டியிருந்தாள். பெயர் முகுந்த். மன்ஹாட்டனில் வேலை, எடிசனில் வீடு. அவனைப் பெற்றவர்கள் இந்தியாவில் இருந்ததால் வீடியோ காலிலேயே பெண் பார்த்தாகிவிட்டது. அன்றைக்கு ஸ்கிரீனில் மாளவிகாவைவிட மகாதேவனின் மீசைதான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டது.

"எங்க பையன் காபிகூடத் தொடமாட்டான் சார். குடிக்கறவங்க இருக்கற பக்கமே எங்களுக்கு ஆகாது" என்று பையனின் அப்பா பசுபதி சொன்னதும், மகாதேவனின் மீசை துடித்தது. வணிக வரி அதிகாரியாக இருந்த காலத்தில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மூட்டையாக உட்கார்ந்து, மூன்று நாள் தும்மாமல் இருந்து லாரியைப் பிடித்தவர் அவர். வெறும் வாய் வார்த்தையை நம்புவாரா?

"அப்பா, எனக்கு முகுந்தை நெஜமாவே பிடிச்சிருக்கு. என்கொயரி அது இதுன்னு ஆரம்பிச்சு ஸ்பாயில் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்" என்று மாளவிகா கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"சேச்சே, நான் ஏம்மா அதெல்லாம் பண்றேன்?" என்றார். மறுநாளே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பையன் ரயிலிலிருந்து இறங்கினால் இந்தப் பப்பைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். குடிக்கிறவன் என்றால் இங்கே நுழையாமல் போவானா? ஆனால் பப்பில் சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வருமே என்று ஒரு பியர் சொன்னார். மகளுக்காக ஒரு தகப்பன் எதைத்தான் குடிக்கமாட்டான்! முதல் நாள் அது விளக்கெண்ணெயாக இறங்கியது, இரண்டாம் நாள் கஷாயமாக. நேற்று மோர் மாதிரி இருந்தது. இன்றைக்கு வேர்க்கடலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரயில் வந்தது. முதுகில் பையோடு முகுந்த் இறங்கி வந்தான்.

முதல் நாள் பப் வாசலில் ஒரு கணம் தயங்கி, உள்ளே பார்த்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். நேற்று கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டான். ஆனாலும் நுழையவில்லை.

"ஆசை இருக்கு. ஆனா அடக்கறான் பாரு, அங்கதான் நிக்கறான்!" என்று மகாதேவன் வேர்க்கடலையிடம் சொன்னார்.

இன்றைக்கு முகுந்த் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். மேஜை மேல் இருந்த பியர் கிளாஸையே வெறித்துப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி, பெருமூச்சு விட்டு, விறுவிறுவென்று நடந்துவிட்டான்.

மகாதேவன் உருகிப்போனார். "குடிக்கறதைப் பார்த்தாலே இப்படி மனசு கஷ்டப்படறானே! இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!" போகிற மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துக் கிளாஸை உயர்த்தி, மிச்சத்தையும் காலி செய்தார்.

வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு, கல்யாண மண்டபத்தைக் கையில் பிடித்துவிட்டவர் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். ஹாலில் மனைவி மீனாக்ஷி போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மாளவிகாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"மீனாக்ஷி, பசுபதிக்குப் போடு போனை! பையன் சொக்கத் தங்கம். விசாரிச்சுட்டேன். உடனே முகூர்த்தம் பார்க்கச் சொல்லு!"

"அவரே பண்ணிட்டார். இப்பத்தான் வெச்சேன்" என்றாள் மீனாக்ஷி. "இந்த சம்பந்தம் வேண்டாமாம்."

"வேண்டாமா? நம்ம பொண்ணுக்கு என்னடி குறை?"

மீனாக்ஷி அவர் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். மீசை ஓரத்தில் காய்ந்திருந்த நுரையைப் பார்த்தாள்.

"பொண்ணு தங்கமாம். அப்பாதான் மொடாக்குடியராம்."